இரத்தத்தில் இல்லாத சீனி

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது கெட்ட பழக்கம் என்பார்கள். எனக்கு அதற்குத்தான் சம்பளமே கொடுத்தார்கள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் மருந்துக்காம்பராவைப் பார்த்துக்கொண்டேன். படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் இல்லை நான்; தோட்டத்து வைத்திய உதவியாளர். ஆனாலும் ஜனங்களுக்கு நான் 'டொக்டர் ஐயா'தான். ஒருவனுக்கு எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது, முந்தாநாள் என்ன சாப்பிட்டான் என்று துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டதை உள்ளே வைத்துக்கொள்ளவும் தெரியாது. "அழகமுத்து ஐயா காதுல போட்டா தப்பு மேளம் தட்டுன மாதிரி" என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. எனக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

இரண்டாயிரத்து எட்டு. தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் சுந்தரம்மா ஒரு ஜாம் போத்தலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், ஐம்பது வயது தாண்டியவள். பதினொரு வருஷமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே அதற்குக் கொடுத்தாயிற்று. அந்த வருத்தத்தைப் பற்றி என்னைவிடத் தனக்கே அதிகம் தெரியும் என்று நினைப்பு.

"ஐயா, இது என்னோடது இல்ல. பங்களா அப்புவோடது," என்றாள். "அவங்க வீட்டுப் பின்னால சாக்கடைக் கானுல எறும்பு மொய்க்குது. ராத்திரிக்கு அஞ்சு தரம் எந்திரிச்சுப் போறாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்பு என்றால் பங்களா சமையல்காரர். மாடசாமி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். தோட்டத்து மனேஜரான தொரையின் வீட்டில் இரண்டு வேளைச் சமையலும் அவர் கையால்தான். அவர் வாசலுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டி வந்தது சுந்தரம்மா என்பது பார்த்த உடனே விளங்கியது. தாகமா என்றேன், ஆமாம் என்றார். உடம்பு இளைத்ததா, ஆமாம். காலெலும்பு கடுக்கிறது என்று அவராகவே ஒன்று சொன்னார். அது எனக்குக் கணக்கில் வரவில்லை; வராததை ஒதுக்கிவிட்டேன்.

இரத்தத்தில் சீனி பார்க்க ஒரு சின்ன மெஷின் தந்திருந்தார்கள். அதில் செருகும் பட்டி தீர்ந்து ஒன்பது மாதம். அதனால் பழைய முறைதான்: கண்ணாடிக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, மிஞ்சிப் போனால் செங்கல் நிறத்துக்கு வரும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை அது. மாடசாமியின் குழாய் ஒரே கொதியில் செங்கல்லாகிவிட்டது.

"நம்ம கட்சிக்கு ஒரு ஆள் கூடிருச்சு," என்றாள் சுந்தரம்மா. அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். நானும் என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு, சீனிக்கான வெள்ளைக் குளிசையை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, என் கையெழுத்திலேயே 'சீனி வருத்தம், காலை அரைக் குளிசை' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் பங்களா குசினியில் மாடசாமி விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். தொரையின் அம்மா பயந்துபோய்ச் சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீயை ஊற்றியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, அடுப்பில் பருப்பு கருகுகிறது என்றாராம். நான் போய்ச் சேர்ந்தபோது பருப்பை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கினால்தான் அப்படி விழுவார்கள். செங்கல் நிறம் காட்டிய மனுஷனுக்கு அரைக் குளிசையில் எப்படி இறங்கும்? அன்று முழுக்க அதே நினைப்பு. அந்தக் குளிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு மாத்தளைக்கு அனுப்பி, இரத்தமும் சிறுநீரும் கொடுத்து வரச் சொன்னேன். அறிக்கை வந்தது. இரத்தத்தில் சீனி எண்பத்திரண்டு. எனக்கே தொண்ணூற்றெட்டு. ஒரு பூரண ஆரோக்கியனின் இரத்தம்.

லேப்காரர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று எனக்குக் கோபமான கோபம். அடுத்த பஸ்ஸிலேயே மாத்தளைக்குப் போனேன். மக்கீன் ஹாஜியாரின் மருந்துக்கடைக்கு மேல்மாடியில்தான் அந்த லேப். அதை நடத்தியது ஹமீமா என்ற பெண். முப்பது வயது, ஹாஜியாரின் மகள், சத்தமாகப் பேசத் தெரியாதவள். என் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு என் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தாள்.

"ரெண்டும் அவர்ட தான், டொக்டர். எனக்கும் நம்ப ஏலாம ரெண்டாம் தரமும் பார்த்தேன். ரத்தத்துல சீனி இல்ல. சிறுநீர்ல நெறைய ஈக்குது."

"அது எப்படி?"

கேட்டபோதே என் கோபம் போய்விட்டது. இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நான் பசியைக்கூட மறந்துவிடுவேன். அவளும் அப்படிப்பட்டவள்தான் என்று கண்ணிலேயே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள். சிறுநீரகம் முதலில் எல்லாவற்றையும் வடியவிடும். அப்புறம் சீனி, உப்புப் போன்ற வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இவருக்கு அந்தத் திரும்ப எடுக்கிற வேலை நடக்கவில்லை. அரிசி களையும்போது தண்ணீரோடு அரிசியும் போகிற மாதிரி என்றாள். சீனி மட்டும் போகவில்லை, எலும்புக்கு வேண்டிய பொஸ்பேட்டும் போகிறது. அதனால்தான் கால் கடுக்கிறது. கழிவுகூடக் கொஞ்சம் தேங்கத் தொடங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் சிறுநீரகம் மிஞ்சாது.

"சிலருக்குப் பொறந்ததுல இருந்தே இப்படி ஈக்கும்," என்றாள். "இந்த வயசுல புதுசா வந்தா முதல் சந்தேகம் மருந்துலதான். என்ன மருந்து குடிக்கிறாருன்னு கேளுங்க."

என் குளிசையைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். அந்தக் குளிசை இதைச் செய்யாது, இன்னொரு தரம் கேளுங்கள் என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நாட்டு வைத்தியமா? வலிக்குளிசையா? வேப்பம் பட்டையா? மாடசாமியைக் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். அவர் மனைவி சந்திரகாந்தாவைக் கேட்டேன், உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். உலை வைத்த மாதிரியே தெரியவில்லை. இருவரும் எதையோ மறைக்கிறார்கள். என்னிடம் ஒன்றை மறைப்பதும் எலிக்கு முன்னால் தேங்காய்ச் சொட்டை மறைப்பதும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொரை குடும்பம் வெளியே போயிருந்தது. பங்களா குசினிக்குப் பின்வாசலால் போனேன். மாடசாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், நான் கொடுத்த பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. என் கையெழுத்து. நிறுத்தச் சொன்ன மருந்து இன்னும் ஏன் இங்கே என்று எடுத்து மூடியைத் திறந்தேன். அவர் எழுந்து கை நீட்டுவதற்குள் பார்த்துவிட்டேன். உள்ளே என் வெள்ளைக் குளிசை இல்லை. வெளிர் நீலத்தில் பெரிய பெரிய குளிசைகளும், அவற்றோடு வேறு நிறத்தில் இரண்டு வகையும் இருந்தன.

மாடசாமி கதவைச் சாத்தினார். கொக்கியையும் போட்டார். பிறகு அந்த நோயின் பெயரைச் சொன்னார், எச்.ஐ.வி. மூன்று வருஷத்துக்கு முன்பு தெரிந்ததாம். மாதம் ஒருமுறை கண்டியில் ஒரு கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறார். நீலக் குளிசை போன வருஷம் மாற்றிக் கொடுத்தது. சந்திரகாந்தாவுக்குத் தெரியும், அவளுக்கு அந்த நோய் இல்லை, இரண்டு தடவை பார்த்தாயிற்று. வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

இவ்வளவு காலமும் குளிசைகளை மிளகாய்த்தூள் டின்னுக்குள் வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து விழுங்கியிருக்கிறார். குண்டு வெடித்த பிறகு வழியெல்லாம் சோதனை. ஒருநாள் செக் பொயின்ட்டில் பெயரில்லாத குளிசை உறையைப் பிடித்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ் ஆள், கையில் பெயரில்லாத மருந்து, வாயில் பதிலில்லை. பின்னேரம்வரை உட்கார வைத்துவிட்டு விட்டார்களாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தான் போகாமல் சந்திரகாந்தாவை அனுப்பிக் குளிசையை மட்டும் எடுப்பித்திருக்கிறார். இரத்தம், சிறுநீர் எதுவும் பார்க்கவில்லை; திரும்பத் தானே போன அன்றும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட, குளிசையோடு வந்துவிட்டாராம்.

"ஐயா எழுதிக் குடுத்த போத்தல்ல போட்டுக் கொண்டுபோன நாள்ல, அந்த ஆமிக்காரப் பொடியன் வாசிச்சுப் பாத்துட்டு, எங்க தாத்தாவுக்கும் சீனி வருத்தம்தான், போங்கன்னு விட்டுட்டான்," என்றார். "மூணு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் பயப்படாம பஸ்ஸுல போனேன். இப்ப எல்லாருக்கும் முன்னால குளிசை குடிக்கிறேன். கண்டிக்குப் போறேன்னு சொல்லிட்டே போறேன். ஐயா, இந்தச் சீனிய மட்டும் என்கிட்ட இருந்து எடுத்துறாதீங்க."

உமக்குச் சீனியே இல்லை என்று சொல்லி அசத்தத்தான் நான் வந்திருந்தேன். அந்தப் பெருமை எங்கே போனதோ தெரியவில்லை. தொரைக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். அந்த நோய் சமையலில் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். அதை எத்தனை பேர் நம்புவார்கள்? லயத்தில் அவர்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட ஒருவன் வாங்கிக் குடிக்க மாட்டான்.

ஆனால் சிறுநீரக விஷயத்தை நான் விடவில்லை. அரிசி களைகிற உதாரணத்தையே அவருக்கும் சொன்னேன். சமையல்காரர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதும் பயந்தும்விட்டார். இந்த மருந்தை நிறுத்தினால் செத்துப்போவாய் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்களே என்றார். நீராக நிறுத்தாதீர், அவர்களிடம் போய்ச் சொல்லும், மாற்று மருந்து இருந்தால் அவர்களே மாற்றுவார்கள் என்றேன். ஹமீமாவின் இரண்டு தாளையும் வைத்து ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். நோய் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேள்வி தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அது இன்றுவரை உள்ளேதான் கிடக்கிறது, அவ்வப்போது அரிக்கும்.

கண்டியில் கடிதத்தைப் பார்த்த டொக்டர், அந்த நீலக் குளிசை சிலபேருக்கு இப்படிச் செய்வதுண்டு, நல்ல வேளை நேரத்தோடு வந்தீர் என்று சொல்லி, அதை நிறுத்தி வேறு மாற்றிக் கொடுத்தார். மாடசாமி மாதாமாதம் ஹமீமாவிடம் சிறுநீர் கொடுத்தார். அவள் தாளை எனக்கு அனுப்பினாள். என்ன மருந்து என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் சீனி குறைவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு ஆசை. நாலாவது மாதம் ஒன்றுமே இல்லை. காலெலும்புக் கடுப்பும் நின்றுவிட்டது.

கானில் எறும்பும் நின்றுவிட்டது. முதலில் கண்டவள் சுந்தரம்மாதான். அவள் கண்ணுக்கு அது தப்புமா? அப்புவுக்குச் சீனி வருத்தம் போய்விட்டது என்று ஒரே கிழமையில், ஏழெட்டு நாளுக்குள், தோட்டம் முழுக்கச் செய்தி. உலகத்தில் யாருக்கும் போகாத வருத்தம் நம் தோட்டத்தில் ஒருவருக்குப் போயிருக்கிறது! சீனி வருத்தக்காரர்கள் எல்லோரும் மருந்துக்காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். அந்த மருந்தைத் தாருங்கள் என்றார்கள். அப்படி ஒரு மருந்து இல்லை என்றேன். மாடசாமிக்கு மட்டும் எப்படிப் போனது என்றார்கள். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. ஓட்டை வாய் அழகமுத்து வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

சுந்தரம்மா கடைசியாக வந்தாள்.

"அவரு நீலக் குளிசை குடிச்சதை நான் என் கண்ணால பாத்தேன். பங்களா ஆளுன்னா ஒரு மருந்து, கொழுந்து எடுக்கிறவன்னா ஒரு மருந்தா ஐயா? பதினோரு வருஷமா ஒங்க பேச்சைத்தானே கேட்டேன்."

என் வாழ்க்கையில் என்னை அதிகம் சுட்ட பேச்சு அதுதான். அவள் வழக்கமான குளிசையை வாங்காமலே போனாள். மாடசாமி ஏதோ கஷாயம் குடித்தார் என்று எவனோ கிளப்பிவிட, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கசப்புத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினாள். மூன்று கிழமையில், விரல் போன அதே காலில் புண் வந்துவிட்டது. நான் வீடு தேடிப் போனேன், கதவைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அவருக்கு வந்தது உன் வருத்தம் இல்லை, வேறு. அந்த ஒரு வார்த்தையில் மாடசாமியின் பிழைப்பு முழுவதும் இருந்தது. சொல்லாவிட்டால் சுந்தரம்மாவின் கால் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்று இருந்தது.

மாடசாமியிடமே போய்ச் சொன்னேன். நீரே சொல்லும் என்று கேட்கவில்லை. அவளுக்குக் கால் புண் என்பதைத்தான் சொன்னேன். அவர் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தார்.

"நாளைக்குக் காலைல சோதிக்கப் போத்தல் கொண்டாறேன்," என்றார். "சுந்தரம்மா அக்காவ நான் கூட்டியாறேன். நான் கூப்பிட்டா வருவாங்க."

வந்தாள். காலில் துணி சுற்றி, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். மாடசாமி சிறுநீர்ப் போத்தலை என் கையில் வைக்கும்போது குனிந்து, "ரெண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கியிருக்கேன் ஐயா," என்றார் மெல்ல.

எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் மனுஷன்! ஆனால் கடைச் சீனிக்குப் பெனடிக்ட் அசையாது. இரத்தத்தில் ஓடுகிற சீனி வேறு, தேத்தண்ணீரில் போடுகிற சீனி வேறு. ஒரு கிலோவைக் கொட்டினாலும் நீலம் நீலமாகவே இருக்கும். அப்படி இருந்தால் அவர் சுகமாகிவிட்டார் என்பதை நானே எல்லோருக்கும் முன்னால் நிரூபித்ததாகிவிடும்.

குழாயைக் கழுவுகிற சாக்கில் அலமாரிப் பக்கம் போனேன். வாந்திபேதிக்காரர்களுக்குக் கரைத்துக் கொடுக்க வைத்திருந்த குளுக்கோஸ் மாவு அங்கே இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் குழாய்க்குள் போட்டேன். எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் வாழ்க்கையில். அந்தக் குழாயை வைத்து ஒருநாளும் சொன்னதில்லை. நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, விளக்கைக் கொளுத்தினேன்.

சுந்தரம்மா எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். நீலம் கொதித்தது. பச்சையானது. மஞ்சளானது. செங்கல்லாகி அடியில் படிந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். இல்லையென்றால், நான் அப்பவே கண்டுபுடிச்சதுதானே என்று ஒரு குத்தல். இரண்டும் வரவில்லை. அவள் நொண்டிக்கொண்டே மாடசாமியிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"போகலயா தம்பி இன்னும்? நானும் இந்த லயமும் சேந்து ஒங்க மேல கண்ணு வச்சிட்டோம் போல," என்றாள். "பயப்படாதீங்க. இதை வச்சிக்கிட்டே வாழலாம். நான் இல்ல? ரெண்டு பேரும் மறக்காம குளிசையக் குடிப்போம்."

மூன்று வருஷமாக யார் தொட வந்தாலும் மாடசாமி கையைப் பின்னுக்கு எடுத்துக்கொள்வாராம். சந்திரகாந்தா பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு எடுக்கவில்லை. பிடித்த கைமேலேயே தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சீனி வருத்தத்துக்கு ஒருவர் இவ்வளவு அழுவதைச் சுந்தரம்மா கண்டிருக்க மாட்டாள். ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே, "எனக்கும் என் குளிசையக் குடுங்க ஐயா," என்றாள் என்னிடம்.

நான் எண்ணிக் கொடுத்தேன். கண்ணை நீர் மறைத்ததால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.